நொச்சிமேட்டுக்கு நாலு வண்டி

நொச்சிமேடு, கல்வராயன் மலை
9-2-2025

அன்புள்ள அண்ணிக்கு,

வாணி எழுதுகிறேன். இங்கே நான், அவர், அத்தை மூவரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

“அவர்” என்று எழுதும்போதே கை கூசுகிறது. தாலி ஏறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலைக்கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தபோது என் வீட்டு ஆளாகப் பக்கத்தில் நின்றது நீங்கள் ஒருவர்தான். வெள்ளிமலையில் சத்துணவு அமைப்பாளர்களுக்குக் கூட்டம் என்று அண்ணனிடம் பொய் சொல்லி, பட்டுப்புடவையைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்பா அம்மா இல்லாத குறை தெரியாமல் என்னை வளர்த்து, டீச்சர் வேலைக்குப் படிக்க வைத்தது அண்ணன். அவரிடம் சொல்லாமல் தாலி வாங்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் வாங்கியிருக்க முடியாது, அதுதான் உண்மை. சித்தப்பா மகள் அபிக்கா நம் ஆட்கள் இல்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அண்ணன் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். “இனிமே அவ பேர இந்த வூட்ல யாரும் எடுக்கக் கூடாது.” இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. என் பேரும் அப்படி ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் அண்ணி? எனக்கு இருப்பது ஒரு அண்ணன்.

இவர் மலைக்காரர், நான் கீழ்நாட்டுப் பெண். இந்த ஊரில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அத்தை என்னை “டீச்சரே” என்றுதான் கூப்பிடுகிறார், அதட்டும்போதுகூட.

இந்த ஊரில் டவர் கிடையாது. சந்தை நாளில் வெள்ளிமலை போனால் சிக்னல் கிடைக்கும். ஆனால் உங்கள் போன் பாதி நேரம் பாப்பா கையில், மீதி நேரம் அண்ணன் சட்டைப் பையில். அதனால்தான் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன். எப்போது சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று யோசித்து எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
வாணி

---

சங்கராபுரம்
24-2-2025

அன்பு வாணிக்கு,

ராதிகா எழுதிக்கொள்வது. பாப்பாவின் சளி எனக்கு வந்து, என்னிடமிருந்து உன் அண்ணனுக்குப் போய், இப்போது வீடே தைல வாசனை. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். மாப்பிள்ளையையும் உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல்.

சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம்கூட உனக்கு ஒரு ஜாதகம் வந்தது. “பையன் மூக்கு சரியில்லையே” என்று ஒரு வழியாகத் தள்ளிவிட்டேன். எத்தனை மூக்கைக் குறை சொல்ல முடியும்?

இதற்கிடையில் புதிதாக ஒரு வம்பு. உன் அண்ணனின் கூட்டாளி அஜித், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறானே அவன், போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ நாலு பேர் ரோடே இல்லாத மலையில் பைக்கை ஏற்றுகிறார்கள், சேற்றில் விழுகிறார்கள், எழுந்து சிரிக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து நம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அஜித், கவியரசன், வெங்கடேசன், உன் அண்ணன் என்று நாலு பேர், நாலு வண்டி. கரும்பு வெட்டு முடிந்ததும் சித்திரையில் கிளம்புகிறார்களாம். வண்டிக்குச் சேற்றில் வழுக்காத பட்டன் டயர் வாங்கியாகிவிட்டது. முப்பத்தேழு வயதில் இந்த ஆசை.

கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, வெள்ளிமலை. அதுவரை தார் ரோடு. அதற்குப் பிறகு மண் பாதை, ஓடை, காடு. கடைசியில் எந்த ஊருக்கு வந்து சேருகிறார்கள் தெரியுமா? உன் ஊருக்கு. “வாணி அங்கதான இருக்கா. அவ கையால சாப்ட்டு எறங்கிடலாம்” என்று உன் அண்ணன் சொல்ல, மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். நீ டீச்சர்கள் தங்கும் அறையில் இருப்பதாகத்தான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பயப்படாதே. நான் தடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராதிகா

---

நொச்சிமேடு
8-3-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சளி எல்லாருக்கும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சாமை அறுத்த கையோடு எல்லாரும் மரவள்ளி பிடுங்கப் போய்விட்டார்கள்.

எப்படியாவது ஊரை மாற்றிவிடுங்கள். பெரியார் அருவிப் பக்கம் நல்ல பாதை இருக்கிறது என்று சொல்லுங்கள். இங்கே கரடி உண்டு, அட்டை உண்டு, ஓடையில் வண்டி இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்லுங்கள். கரடி நிஜமாகவே உண்டு. நான் பார்த்ததில்லை, அத்தை பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. இவர் வாரத்தில் நாலு நாள் பிக்கப் வண்டியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக் கீழே போகிறார். மற்ற நாளில் மலை சுற்ற வருகிறவர்களுக்கு வழிகாட்டப் போவார். போன சந்தை நாளில் இவருக்கு ஒரு போன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பசங்களாம், பைக்கில் காட்டுப்பாதையில் வர ஆசையாம், வழிகாட்ட ஆள் வேண்டுமாம். இவர் சரி என்று ஒப்புக்கொண்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். யார் என்று கேட்டேன். “அஜித்னு ஒருத்தரு. ஆனா ரூட்டெல்லாம் அவரு பிரெண்டு வெற்றிவேலு பேசுவாராம்” என்றார்.

அண்ணன் பேரைக் கேட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவருக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, முதலில் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

முடியாது என்று சொல்லிவிடலாமா என்றார். சொன்னால் வேறு ஆளை வைத்துக்கொண்டு வருவார்கள், அந்த ஆள் நம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துவான். அதற்கு இவரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். செய்தது சரியா?

சீக்கிரம் பதில் போடுங்கள்.

வாணி

---

சங்கராபுரம்
27-3-2025

அன்பு வாணிக்கு,

எல்லாரும் நலம். நீ சாப்பிடாமல் கிடந்து இளைத்துப் போனால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும், ஒழுங்காகச் சாப்பிடு.

முதலில் நல்ல செய்தி. சித்திரைப் பயணம் இல்லை. கோடையில் காட்டுத்தீ பயம் என்று வனத்துறை அனுமதி தரவில்லையாம். மழை விழுந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாடா என்று அன்றைக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். எதற்கு என்று உன் அண்ணன் கேட்டார், பாப்பா பரீட்சைக்கு என்றேன். பாப்பா எல்.கே.ஜி.

கரடியைப் பற்றியும் சொல்லிப் பார்த்தேன். “கரடி வந்தா அஜித்த முன்னாடி வுட்டுட்டு நாங்க வந்துடுவோம்” என்கிறார். அட்டைக்கு உப்பு மூட்டையே வாங்கி வைத்துவிட்டார்கள்.

இந்தக் கூத்தையும் கேள். நாலு பேரும் போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்து, மலை முதுகில் நேராக ஒரு கோடு தெரிகிறதே, இதுதான் யாருக்கும் தெரியாத பழைய பாதை என்று கண்டுபிடித்தார்கள். வெங்கடேசன் அதற்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டான். கடைசியில் உன் வீட்டுக்காரர்தான் போனில் சொன்னாராம், அது பாதை இல்லை, தீ பரவாமல் இருக்க வனத்துறை செதுக்கி விட்ட கோடு, நேராகப் போனால் பாறை விளிம்பில் முடியும் என்று. வெங்கடேசன் வைத்த பெயரை அதோடு விட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து சந்தை நாள் வந்தால் போதும், உன் அண்ணன் போனும் கையுமாக வாசலுக்குப் போய்விடுகிறார். டயரில் காற்று எவ்வளவு குறைக்கணும், ஓடைக்கல் எப்படி இருக்கும், ஸ்பேர் கிளட்ச் ஒயர் கட்டிக்கொள்ளட்டுமா என்று ஒரே பேச்சு. நேற்று என்னிடம் சொன்னார்: “நல்ல பையன்டி அவன். தெரிஞ்சா தெரியும்ன்றான், தெரியலன்னா தெரியாதுன்றான். இந்தக் காலத்துல யாரு சொல்றா அப்டி?” நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்தால் மாட்டிக்கொள்வேன்.

ராதிகா

---

நொச்சிமேடு
27-4-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஜாஸ்தி, ஆனால் சாயங்காலம் காற்று வந்துவிடுகிறது. பலாப் பழுக்க ஆரம்பித்துவிட்டது. பாப்பாவுக்கு அனுப்ப ஆசை, எப்படி அனுப்புவது?

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ஒவ்வொரு வருஷமும் இந்நேரம் நம் வீட்டில் இருப்பேன். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கொள்வார். இந்த முறை வர எனக்குத் தைரியமில்லை. தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வரமாட்டேன், அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் முன்னால் நிற்கவும் முடியவில்லை. லீவில் பயிற்சி வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். எழுதவே கஷ்டமாக இருக்கிறது அண்ணி. பொய்க்கு மேல் பொய்.

இவருக்கும் மனசு சரியில்லை. “உங்க அண்ணன் என்ன தம்பி தம்பின்றாரு. நல்ல மனுசன ஏமாத்திக்கினு இருக்கேன். நானே சொல்லிடறேன் வாணி” என்று ஒவ்வொரு சந்தை நாளும் கிளம்பும்போது சொல்கிறார். நான்தான் வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுக்கிறேன். போனில் சொன்னால் அண்ணன் போனை வைத்துவிடுவார், அதோடு முடிந்துவிடும். அபிக்கா விஷயத்தில் அப்படித்தானே நடந்தது?

வாணி

---

சங்கராபுரம்
15-5-2025

அன்பு வாணிக்கு,

நாங்கள் நலம். பள்ளிக்கூடம் பூட்டியிருப்பதால் உன் கடிதத்தைத் தபால் ஆபீசிலேயே வாங்கிக்கொண்டேன். நீ இல்லாத லீவு வீட்டுக்கு நன்றாகவே இல்லை. பயிற்சி என்று சொன்னதும் உன் அண்ணன் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் நீ வந்தால் கொடுக்க வாங்கி வைத்த மாம்பழத்தை அவரும் தொடவில்லை.

இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன சந்தை நாள் அவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உன் அறை அடுப்பு நாலு பேருக்குக் காணாது என்று நினைத்து, ஊருக்கு வந்து சேர்ந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். போன் சத்தமாக இருந்ததால் பதில் எனக்கும் கேட்டது. “எங்க வூட்லயே சமைச்சிடுவாங்கண்ணா. கத்திரிக்கா போடமாட்டாங்க, உங்களுக்கு ஆவாதே.”

எனக்குக் கையில் இருந்த கீரை நழுவிவிட்டது. உன் அண்ணனுக்குக் கத்திரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று நம் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்குத் தெரியும்? விருந்துக்குப் போன இடத்தில்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். அஜித்துக்கே தெரியாது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு “சரி தம்பி” என்று வைத்துவிட்டார். சாப்பிட்டார், கழனிக்குப் போனார், வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கவனித்தாரா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மாப்பிள்ளையை வாயைப் பார்த்துத் திறக்கச் சொல்.

ராதிகா

---

நொச்சிமேடு
23-5-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

தப்பு என்னுடையது. அண்ணன் வந்தால் என்ன சமைப்பது என்று நானும் அத்தையும் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் தோட்டத்தில் இப்போது கத்திரிக்காய்தான் காய்க்கிறது. அண்ணனுக்கு அது ஆகாது அத்தை, வேறு காய் பார்க்கணும் என்று சொன்னேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அண்ணன் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பில் வாயிலிருந்து வந்துவிட்டது. உங்கள் கடிதத்தைக் காட்டியதும் வண்டிக்குள் போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் இறங்கவில்லை.

அண்ணன் ஏதாவது சொன்னாரா? கோபமாக இருக்கிறாரா? ஒரு வரி எழுதுங்கள் போதும்.

வாணி

---

நொச்சிமேடு
12-6-2025

அண்ணி,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தபால்காரர் வரும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறேன்.

சந்தை நாளில் அண்ணன் இவருக்கு இப்போது போன் செய்வதில்லை. அஜித்தான் பேசுகிறார், அதுவும் இரண்டே வார்த்தை. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்களும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டாரா?

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

வாணி

---

சங்கராபுரம்
24-6-2025

அன்பு வாணிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். பள்ளிக்கூடம் திறந்த அலைச்சல், எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

பயணம் ஜூலை இருபது, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகிவிட்டது. வனத்துறையில் அனுமதி வாங்கிவிட்டார்கள். பின் சீட்டை எடுத்துவிட்டு வெல்டிங் கடையில் இரும்புக் கேரியர் அடித்து மாட்டியிருக்கிறார்கள். போன ஞாயிறு நாலு வண்டியிலும் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு, பாரம் ஆடாமல் வருகிறதா என்று பார்க்கச் சோதனை ஓட்டம் போனார்கள். களமருதூர் வரை போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார்கள்.

உன் அண்ணன் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார்.

உன் வளையல் அளவு முன்பு இருந்த அளவுதானா? உன் கை மெலிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரவிக்கை அளவும் எழுது. மாப்பிள்ளை எட்டு முழ வேட்டி கட்டுவாரா, நாலு முழமா? சும்மாதான் கேட்கிறேன்.

ராதிகா

---

நொச்சிமேடு
2-7-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை வாணி எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காததெல்லாம் இருக்கிறது. எட்டு முழமா நாலு முழமா என்று கேட்கிறார். மலைப் பயணத்துக்குச் சோதனை ஓட்டம் என்று வயல்வெளியில் இருக்கிற களமருதூருக்குப் போனீர்களாம், அங்கே என்ன மலை இருக்கிறது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. இனி அண்ணியை நடுவில் வைத்துப் பேசுவது சரியில்லை. அவரைத் திட்டாதீர்கள். எல்லாம் எனக்காகச் செய்தார்.

அண்ணா, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தை மாதம். உங்களோடு போனில் பேசுகிற பொன்னுரங்கம்தான் என் வீட்டுக்காரர். அவர் மலைக்காரர். என்னை நன்றாக வைத்திருக்கிறார். உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவர் அவர். தடுத்தது நான். அபிக்காவுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிடும் என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

இருபதாம் தேதி நீங்கள் வரும்போது நான் ஓடி ஒளிய மாட்டேன். எங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். என் கழுத்தில் தாலி இருக்கும். பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள். அவ்வளவு தூரம் வெயிலில் வந்திருப்பீர்கள்.

உங்கள்,
வாணி

---

சங்கராபுரம்
11-7-2025

வாணிக்கு, அண்ணன் வெற்றிவேல் எழுதுவது.

நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளவும்.

இருபதாம் தேதி விடியற்காலை கிளம்புகிறோம். நாலு வண்டி. மாப்பிள்ளையின் பிக்கப் ஏறுகிற பாதையில் கார் ஏறாது என்று தெரிந்ததால்தான் இந்த ஏற்பாடு, முதலில் விளையாட்டுக்குப் போட்ட திட்டம் இப்போது வேலைக்கு ஆகிவிட்டது. வண்டியில் பாரம் இருக்கும். அதனால் மேட்டுப் பாதை வேண்டாம், சுற்றிக்கொண்டு ஓடைப் பாதையில் வருகிறோம். மதியத்துக்குள் வந்துவிடுவோம். நாலு பேருக்குச் சமைத்தால் போதும். கத்திரிக்காய் வேண்டாம்.

வெள்ளிமலையிலிருந்து ஓடை தாண்டும் வரை எங்களுக்கு வழிகாட்ட வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல். அன்றைக்கு அவர் ஓடையில் வந்து எங்களுக்கு முன்னால் நிற்க வேண்டாம், வீட்டு வாசலில் நிற்கட்டும். ஆடிச் சீர் கொண்டுவரும்போது முறை அதுதான்.

மற்றவை நேரில்.

வெற்றிவேல்

---

நொச்சிமேடு
22-7-2025

என் அன்பு அண்ணிக்கு,

நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். இதுவரை எழுதிய கடிதத்தில் எல்லாம் பழக்கத்துக்கு எழுதிய வரி அது. இன்றைக்கு நிஜமாகவே எழுதுகிறேன்.

அண்ணன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பிலேயே அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். “செத்துட்டாங்களா யாராச்சும்?” என்று அத்தை கேட்கிறார். இல்லை அத்தை, ஆடிச் சீர் வருகிறது என்றேன். அதற்கு எதுக்கு அழுவறே டீச்சரே என்று ஒரு அதட்டல்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. அண்ணன் முதலில், பின்னால் மற்ற மூன்று பேர். கவியரசன் அண்ணன் ஓடையில் விழுந்து தலை முதல் கால் வரை சேறு. ஆனால் வந்ததும் வாசலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக் கை கால் கழுவினார்கள். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கழற்றிவிட்டு நாலு பேரும் வேட்டி சட்டையில் வெளியே வந்தார்கள். கேரியரில் பழைய டயர் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்தார்கள். பித்தளைத் தட்டு, குத்துவிளக்கு, பழம், வெல்லம், பூ, புடவை, எட்டு முழ வேட்டி. கற்கண்டு மட்டும் கவியரசன் அண்ணனோடு சேர்ந்து ஓடையில் கரைந்துவிட்டது. அரிசி மூட்டை கட்டிப் பழகியது இதற்குத்தானா? பின்னாலேயே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாகத் தட்டு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இவர் வாசலில் புது வேட்டியில் விறைத்துப்போய் நின்றார். அண்ணன் நேராக வந்து இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, ஓடைல தண்ணி கணுக்கால் அளவுதான்னு சொன்ன? முட்டிக்கி மேல இருக்குது.”

“முந்தாநேத்து மழ பேஞ்சிடுச்சி மாமா” என்றார் இவர்.

அண்ணன் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். தாலியைப் பார்த்தார். என் தலையில் கை வைத்தார். ஒரு வாய் தண்ணீர் என்று எழுதியிருந்தேன் அல்லவா, ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார். நீங்கள் அனுப்பிய வளையல் சரியாக இருக்கிறது, கை மெலியவில்லை.

சாப்பாட்டில் எல்லாருக்கும் அவரைக்காய்ப் பொரியலும் பலாக்கொட்டைக் குழம்பும். அண்ணன் மூன்று முறை சோறு வாங்கினார். அப்போதுதான் கேட்டேன், தெரிந்தும் ஏன் இரண்டு மாதம் பேசாமல் இருந்தீர்கள் என்று. முதல் மாதம் கோபமாம். அவன் நல்லவன் என்று உங்களிடம் தன் வாயாலேயே சொல்லிவிட்டாராம், அந்த வார்த்தையை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியவில்லையாம். “அப்பறம், நீயே சொல்லுவியான்னு பாத்துக்கினு இருந்தேன். உங்க அண்ணிகிட்டயும் வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டேன்” என்றார். அதனால் உங்கள் மீது இருந்த கோபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வளையல் அளவு கேட்டு எழுதிய கை, “பயப்படாதே” என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம்.

அந்தக் களமருதூர் கதையையும் என்னிடம் மறைத்துவிட்டீர்கள். அஜித் அண்ணன்தான் உளறினார். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஓடையைவிடக் களமருதூர் வயல் வரப்பில் தட்டு ஆடாமல் போனதுதான் கஷ்டம் என்றார். களமருதூரில் தட்டு எதற்கு என்று கேட்டேன். அஜித் அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“களமருதூர்ல இருக்கற அபிக்குக் குடுக்காம உனுக்கு எப்டிக் குடுக்கறது? அவ மூத்தவ.”

நாலு வருஷம் கழித்து அண்ணன் வாயால் அந்தப் பேரைக் கேட்டேன் அண்ணி. அத்தை உடனே, யார் அது அபி, அவளையும் ஒரு நாள் இங்கே கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். அபிக்காவும் அவர் வீட்டுக்காரரும் அன்றைக்கு வருகிறார்கள் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்கப் பெரிய பாத்திரம் எடுத்து வையுங்கள். அபிக்காவுக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர், தனியாக ஒரு சட்டியில் செய்துவிடுவோம்.

பாப்பாவுக்கு முத்தம்.

உங்கள்,
வாணி